பேசும் மிருகங்கள் வரும் காமெடிப் படம் நாலு வயதுக் குழந்தைக்கு ஒத்துவருமா?

ஜூன் 2, காலை 11.05 – கேள்வி

நாயும் பூனையும் வாத்தும் பேசுகிற காமெடிப் படம் ஒன்று வந்திருக்கிறது. டிரெய்லர் முழுக்கச் சிரிப்பு. யு சான்றிதழ். பையனுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. "மிருகம் பேசினாலே குழந்தைகள் படம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு என்னவோ தயக்கம். கூட்டிப் போகலாமா?

ஜூன் 2, இரவு 10.20

அந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் "மிருகம் பேசினாலே குழந்தைகள் படம்" என்று நம்பிப் போய் ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

போன வருடம் சின்னவளுக்கு நாலு வயது, பெரியவனுக்கு எட்டு. ஒரு குடும்பம் வீடு மாறிப் போகிறது. அவசரத்தில் வளர்ப்பு நாயை விட்டுவிட்டு லாரி கிளம்பிவிடுகிறது. அந்த நாய் ஒரு தெருப் பூனையையும் வாயாடிக் கழுதை ஒன்றையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தைத் தேடிப் போகிறது. நாய் பிடிக்கிறவன் ஒருவன் துரத்துகிறான். அவ்வளவுதான் கதை. கழுதை வாயைத் திறந்தாலே தியேட்டர் சிரித்தது. பெரியவன் நாற்காலியில் உருண்டான்.

சின்னவள் முதல் பத்து நிமிடம் சிரித்தாள். அப்புறம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டு காலையும் நாற்காலி மேல் இழுத்துக்கொண்டு, பாவாடை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நாய் பிடிக்கிறவன் திரையில் வந்ததும் என் மடியில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவனுக்கு ஒரு கண் வெள்ளையாக இருக்கும், பல் எல்லாம் கறுப்பு. இடைவேளையில் கிளம்பிவிட்டோம். பெரியவன் வீடு வரைக்கும் முனகிக்கொண்டே வந்தான். அவள் மூன்று ராத்திரி எழுந்து அழுதாள்.

அதனால் நான் சொல்வது: முதலில் வில்லன் முகத்தைப் பாருங்கள். இது வெறும் என் அனுபவம் மட்டும் இல்லை. ஹாஃப்னர், கேன்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பெண்மணி, நான்கு வகைக் காட்சிகள். சிலவற்றில் பார்க்க நல்லவளாக, சிலவற்றில் சூனியக்காரி மாதிரி. நடத்தையிலும் அப்படியே, சிலவற்றில் அன்பானவள், சிலவற்றில் கொடுமைக்காரி. மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள் தோற்றத்தை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு கட்டினார்கள். ஒன்பது, பத்து வயதுக்காரர்கள் அவள் என்ன செய்கிறாள் என்பதைப் பார்த்தார்கள். பெரியவனுக்குச் சிரிப்பு வந்த அதே ஆள் சின்னவளுக்கு ஏன் பூதமாகத் தெரிந்தான் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஜூன் 3, காலை 7.40

சான்றிதழ் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும், தூக்கம் வந்துவிட்டது.

யு என்றால் "எல்லோரும் பார்க்கலாம்" என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அதைக் கொடுக்கிறவர்கள் பார்ப்பது ரத்தம், ஆபாசம், கெட்ட வார்த்தை, வன்முறை இவற்றின் அளவை. உங்கள் பையன் இருட்டில் எப்படி, கூட்டத்தில் எப்படி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிரிட்டனில் யு என்பதற்கே "நாலு வயதும் அதற்கு மேலும்" என்றுதான் விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த படியான பி.ஜி. (பெற்றோர் வழிகாட்டல் தேவை) படம் எட்டு வயதுப் பிள்ளையை நிலைகுலைய வைக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய தூரம்! நம் ஊர் தணிக்கையில் ரொம்ப வருடமாக யு/ஏ என்று ஒரே பெட்டிதான் இருந்தது. 2023 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அதை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் நாலு வயதுக்கென்று தனியாக எதுவும் இல்லை, அது நம் தலையில்தான்.

சான்றிதழும் மாறக்கூடியதுதான். 'வாட்டர்ஷிப் டவுன்' என்ற முயல் படத்துக்கு 1978-இல் பிரிட்டனில் யு கொடுத்தார்கள். முயல்கள் ஒன்றை ஒன்று கடித்துக் குதறும், ரத்தம் தெரியும். அதை பி.ஜி. ஆக மாற்றியது 2022-இல். நாற்பத்து நாலு வருடம்! முயல்தானே என்று உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்.

ஜூன் 3, மதியம் 1.15

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. சத்தம். சிறு குழந்தைக்குத் தியேட்டரில் பாதிப் பயம் காது வழியாக வருகிறது. சின்னவள் முகத்தை என் மேல் புதைத்த பிறகும் காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தாள். முதல் படம் வீட்டில், விளக்கைப் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பதே மேல்.

ஜூன் 5, இரவு 9.50

இரண்டு நாளாக இதே யோசனை. பயம் பற்றி மட்டும் எழுதிவிட்டேன். இது காமெடிப் படம், கேள்வியே அதைப் பற்றித்தான். சிரிப்பைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை.

பயத்தை நாம் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறோம், பிள்ளை அழும். சிரிப்பு அப்படி இல்லை. சிரிக்கிற பிள்ளையைப் பார்த்து நமக்கும் சந்தோஷம், எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று கவனிக்க மாட்டோம். பேசும் மிருகப் படத்தில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பூனை நாய் போலக் குரைக்க முயல்வது, வாத்து கண்ணாடியில் தன்னைப் பார்த்து வணக்கம் சொல்வது, இதெல்லாம் நாலு வயதுக்கு அமிர்தம். ஒன்று இன்னொன்றாக நடிப்பதை அந்த வயது அப்படி ரசிக்கும். இரண்டாவது வகை அடி விழுவதால் வரும் சிரிப்பு. வாணலியால் மண்டையில் போட்டால் கழுதைக்குத் தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்கும், அடுத்த நொடி எழுந்துவிடும். மூன்றாவது வகைதான் எனக்குப் பிடிக்காதது. ஒருவரின் பலவீனத்தை வைத்து அவரைக் கேலி செய்வது. குண்டுப் பன்றி, திக்கிப் பேசும் ஆமை, ஒற்றைக்கால் கொக்கு. மிருகத்தின் மேல் வைத்துச் சொன்னால் யாருக்கும் உறுத்தாது என்று எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள்.

உறுத்தும். 2018-இல் வந்த 'பீட்டர் ராபிட்' படத்தில் முயல்கள் ஒரு ஆளை விரட்டுகின்றன. அவனுக்கு ஒரு பழம் ஒவ்வாமை என்று தெரிந்தே அந்தப் பழத்தை அவன் மேல் எறிகின்றன. அது அவன் வாய்க்குள் போய்விடுகிறது, அவன் அவசர ஊசியைத் தானே குத்திக்கொண்டு பிழைக்கிறான். படத்தில் அது சிரிப்புக் காட்சி. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கொதித்துப் போனார்கள், கடைசியில் சோனி நிறுவனமும் படத்தை எடுத்தவர்களும் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தப் பெற்றோரின் இடத்தில் நின்று பாருங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் சாப்பாட்டில் வேண்டுமென்றே எதையாவது கலப்பது விளையாட்டு என்று பக்கத்து நாற்காலிக் குழந்தை நினைத்துவிட்டால் என்ன ஆகும்?

அடி விழுகிற சிரிப்பிலும் எனக்கு ஒரு கதை உண்டு. பெரியவன் ஐந்து வயதில் இந்த மாதிரி ஒரு படம் பார்த்துவிட்டு, தன் சித்தப்பா தூங்கும்போது எவர்சில்வர் தட்டை எடுத்து நெற்றியில் ஒரு போடு போட்டான். அவர் அலறி எழுந்ததும் இவன் முகம் வெளுத்துவிட்டது. நட்சத்திரம் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறான். "ஏன் சித்தப்பாவுக்கு ரத்தம் வருது?" என்று கேட்டானே தவிர, அடித்தால் வலிக்கும் என்பது அவன் கணக்கிலேயே இல்லை. அதற்குப் பிறகு அவன் பார்க்கிற எந்தப் படத்திலும் அடி விழுந்தால் "நிஜத்துல இவனுக்கு என்ன ஆயிருக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்பேன். அது போதும், அவனே சொல்லிவிடுவான்.

ஜூன் 6, காலை 8.30

டப்பிங்! அதை எப்படி மறந்தேன்.

மூலப் படத்தைப் பார்த்துக் கொடுத்த பாராட்டையும் நட்சத்திரங்களையும் நம்பித் தமிழ் டப்பிங்குக்குப் போகாதீர்கள். டப்பிங்கில் வசனத்தை முழுக்க மாற்றி எழுதுகிறார்கள். பல நேரம் அது அழகாகவே இருக்கும், நம் பேச்சு, நம் நக்கல் எல்லாம் வரும். ஆனால் மூலத்தில் சும்மா முறைத்துவிட்டுப் போகும் இடத்தில், தமிழில் "டேய் தடியா", "மூஞ்சியப் பாரு", "கருவாயா" என்று ஒட்டிவிடுகிறார்கள். வாய் அசைவு மிருகத்துக்குச் சரியாகத் தெரியாதே, எங்கே வேண்டுமானாலும் ஒரு வசவைச் சொருகலாம்.

லாரிப் படத்தில் ஒரு நாய் இன்னொரு நாயைப் பார்த்து "போடா நாயே" என்றது. தியேட்டரே சிரித்தது. சின்னவள் என் காதில் கேட்டாள்: "அது நாய்தானேம்மா, ஏன் திட்டுறான்?" எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

ஜூன் 6, இரவு 11.00

"நாங்கள் எல்லாம் சின்ன வயதில் எல்லாவற்றையும் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்று பதில்கள் வந்திருக்கின்றன. நம் கதைகளிலேயே மிருகங்கள் பேசும், சாகவும் சாகும், அதுவும் உண்மைதான். பஞ்சதந்திரத்தில் முயல் சிங்கத்தை ஏமாற்றிக் கிணற்றில் குதிக்க வைக்கிறது. என் பிள்ளைகள் இருவருக்கும் அந்தக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். சிங்கம் செத்தது என்றதும் கை தட்டுவார்கள்.

வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதை சொல்லும்போது நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். சிங்கம் கர்ஜிக்கிற இடத்தில் கண் விரிந்தால் குரலைத் தணிக்கிறேன். பிடித்துவிட்டால் இன்னும் ஒரு கர்ஜனை சேர்க்கிறேன். சிங்கம் எவ்வளவு பெரியது என்பதை அவள் தன் தைரியத்துக்கு ஏற்ற அளவில் மனதில் வரைந்துகொள்கிறாள். திரையில் வருவது எல்லோருக்கும் ஒரே அளவுச் சிங்கம். யார் முகத்தையும் பார்த்து அது தன்னைச் சின்னதாக்கிக்கொள்ளாது.

அதனால் திரை வேண்டாம் என்று சொல்லவில்லை. கதைசொல்லி செய்கிற வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜூன் 9, இரவு 10.45

முதல் நாள் எழுதியதில் பெரிய தப்பு இருக்கிறது. திருத்த வேண்டும்.

இன்று நாங்கள் வெளியூர் கிளம்பப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். சின்னவளின் தலையணைக்குப் பக்கத்தில் அவள் செருப்பு இருந்தது. அது ஒரு வருடமாக அங்கேதான் இருக்கிறது. புதுச் செருப்பு மேல் ஆசை என்று நினைத்து, கழுவித் துடைத்து வைக்க மட்டும் சொல்லிவிட்டு விட்டிருந்தேன். அளவு மாறி அடுத்த ஜோடி வாங்கியபோதும் அதுவும் தலையணைப் பக்கத்துக்கே போனது. இன்றைக்குத்தான் கேட்டேன், "இதை ஏன்டா கண்ணு இங்கயே வைக்கிற?"

அவள் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வண்டி கிளம்பிட்டா உடனே போட்டுட்டு ஓடி வரணும்ல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எந்த வண்டி என்றேன். "நாய விட்டுட்டுப் போச்சே, அந்த லாரி."

ஒரு வருடம். நாய் பிடிக்கிறவன் என்று நினைத்துக்கொண்டு, வெள்ளைக் கண் ஆள் வேஷம் போட்டவர், மேக்கப் என்று எத்தனை தடவை விளக்கியிருப்பேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பயந்ததோ வேறொன்றுக்கு. யோசித்துப் பார்த்தால் கணக்கும் சரியாக வருகிறது. அவள் பேச்சு நின்றது பத்தாவது நிமிடத்தில், லாரி கிளம்பிய இடத்தில். நாய் பிடிக்கிறவன் வந்தது அதற்கு ரொம்ப நேரம் கழித்து. பாவாடை நுனியை அதற்கு முன்பே கடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது மடியில் ஏறிய நேரத்தை மட்டும்தான்.

அந்த 1985 ஆய்வு தப்பில்லை, வில்லன் முகம் முக்கியம்தான். ஆனால் நான் ஒரே ஒரு பதிலில் நின்றுவிட்டேன். விட்டுவிட்டுப் போவது, தொலைந்து போவது, அம்மாவைக் காணோம். மூன்று, நாலு, ஐந்து வயதில் இதைவிடப் பெரிய பயம் வேறு இல்லை. பேசும் மிருகக் கதைகளில் பாதி இதில்தான் தொடங்குகிறது, ஏனென்றால் குட்டி தனியானால்தான் பயணம் தொடங்கும். கதை எழுதுகிறவருக்கு அது ஒரு வசதி. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. குழந்தைகளுக்கான 45 அனிமேஷன் படங்களைப் பெரியவர்களின் 90 படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியப் பாத்திரங்கள் சாகிற வாய்ப்பு குழந்தைப் படங்களில் இரண்டரை மடங்கு. நாயகனின் அப்பாவோ அம்மாவோ சாகிற வாய்ப்பு ஐந்து மடங்கு. 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நெமோ'வில் அம்மா மீன் போவது படம் தொடங்கிய சில நிமிடங்களில். அமெரிக்காவில் அதற்கு எல்லோருக்குமான ஜி சான்றிதழ்தான்.

மிருகமாக இருப்பதால் வலி குறையும் என்று நினைத்திருந்தேன். அவளுக்குக் குறையவில்லை. பேசுகிறதே, அப்போது அது அவளைப் போல ஒரு ஆள்தான். பெரியவர்கள் யாரும் இல்லாமல், சட்டை இல்லாமல், வழி தெரியாமல் நிற்கிற ஆள்.

ஜூன் 10, காலை 6.55

தூங்கவில்லை. செருப்பு பற்றி அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் அவருடைய செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்து அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். காலையில் அதைப் பார்த்துவிட்டு "அப்பாவும் ஓடி வருவாங்களா?" என்று கேட்டாள். "உன்ன விட்டுட்டு வண்டி எடுக்கவே மாட்டேன், எடுத்தாலும் நான்தானே ஓட்டுறேன்" என்றார். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, காலையிலிருந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஜூன் 12, மாலை 5.30

சரி, கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட வாத்துப் படத்தை இன்று தனியாகப் போய்ப் பார்த்துவிட்டேன். உங்களுக்காகவும், எனக்காகவும்.

முதல் கால் மணி நேரம் நன்றாக இருக்கிறது. வாத்து தன்னை நாய் என்று நினைத்துக்கொண்டு வாசலில் காவல் இருப்பது, தபால்காரரைப் பார்த்துக் குவாக் குவாக் என்று பாய்வது, உங்கள் பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அப்பா வாத்து கடைசிவரை இருக்கிறது. வில்லன் ஒரு மயில், பார்க்க அழகாக இருக்கும், அதனால் உங்கள் பையன் அவனைக் கெட்டவன் என்று நம்பாமலும் போகலாம். அதற்குத் தயாராக இருங்கள்.

இரண்டு இடம் கவனிக்கணும். இடைவேளைக்குச் சற்று முன்னால் கொட்டகை தீப்பிடிக்கிறது. ஒரே இருட்டு, சத்தம், கோழிக்குஞ்சுகள் கத்துகின்றன. ஏறக்குறைய மூன்று நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் தப்பித்துவிடும், ஆனால் அது பிள்ளைக்குத் தெரியாது. இரண்டாவது, பன்றியின் உடம்பை வைத்து ஓயாமல் கேலி. நாலு இடம், ஐந்து இடம் இல்லை, பன்றி வருகிற எல்லா இடத்திலும். கடைசியில் அந்தப் பன்றிதான் கதவை இடித்து எல்லோரையும் காப்பாற்றுகிறது. அதனால் கேலி எல்லாம் நியாயம் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். என் மனது ஒப்பவில்லை. காப்பாற்றவில்லை என்றால் அதைக் கேலி செய்திருக்கலாமா?

நாலு வயதுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் நீளமும்கூட. இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு மொத்தமாகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஒரே மூச்சில் படம் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த வயதுக்கு எதற்கு?

என் முடிவு: தியேட்டர் வேண்டாம். வீட்டுக்கு வரும்வரை பொறுங்கள். வந்த பிறகு இரண்டு, மூன்று நாளாகப் பிரித்துப் பாருங்கள், கொட்டகைக் காட்சிக்கு முன்னால் "இப்போ தீப்பிடிக்கும், எல்லாக் குஞ்சும் வெளியே வந்துடும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜூன் 13, காலை 9.10

"முடிவைச் சொல்லிவிட்டால் படத்தில் என்ன சுவாரசியம்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நமக்குப் போய்விடும். நாலு வயதுக்குப் போகாது. ஒரே கதையை அதே வார்த்தையில் தினமும் கேட்கிற வயது அது. முடிவு தெரிந்த கதையில்தான் அவர்கள் தைரியமாகப் பயப்படுகிறார்கள்.

"இது நிஜம் இல்லை, பொம்மைதான்" என்று சொல்வது எட்டு வயதுக்கு மேல் நன்றாக வேலை செய்யும். அதற்குக் கீழே பிடித்துக்கொள்ளக் கை, உட்கார மடி, போர்த்திக்கொள்ள ஒரு துணி, இவைதான் கைகொடுக்கும். கேன்டர் இதைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார். லாரிப் படத்துக்கு அப்புறம் நான் மேக்கப் பற்றி விளக்கி வீணாக்கிய ராத்திரிகளில் பேசாமல் அவள் பக்கத்தில் படுத்திருக்கலாம்.

ஜூன் 14, இரவு 8.20

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் இதுவும் பேசும் மிருகங்கள் விஷயம்தான்.

படத்தில் பேசுகிற நாயைப் பார்த்துப் பழகிய பிள்ளை, தெருவில் நிற்கும் நாயிடம் போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. படத்து நாய் பல்லைக் காட்டினால் சிரிப்பு. நிஜ நாய் பல்லைக் காட்டினால் எச்சரிக்கை. வாலைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் "என்னை விடு" என்று நாய் சொல்கிற மொழி. படம் பார்த்த அன்றைக்கே இதைச் சொல்லிக் கொடுக்க நல்ல சமயம், அப்போது பிள்ளைக்கு நாய் மேல் ஆர்வம் உச்சத்தில் இருக்கும். முயல் என்றால் கேரட் என்பதும் படம் சொல்லிக் கொடுத்ததுதான். முயலுக்கு முக்கியத் தீனி புல். கேரட்டில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு துண்டு கொடுக்கலாம்.

இன்னொன்று. "மிருகக் கதை நல்ல பழக்கம் சொல்லித் தரும்" என்பதையும் நான் ரொம்ப நாள் நம்பினேன். டொரன்டோவில் 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில் நாலிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதைப் பற்றி ஒரே கதையை இரண்டு விதமாகப் படித்துக் காட்டினார்கள், ஒன்றில் மனிதர்கள், இன்னொன்றில் சட்டை போட்ட மிருகங்கள். அப்புறம் கையில் ஸ்டிக்கர்களைக் கொடுத்து, மற்றவருக்கு எத்தனை தருகிறார்கள் என்று பார்த்தார்கள். மனிதர் கதையைக் கேட்டவர்கள்தான் முன்பைவிட அதிகம் கொடுத்தார்கள். மிருகக் கதைக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அது புத்தகத்தை வைத்துச் செய்தது, படத்தை வைத்து அல்ல. ஆனாலும் படிப்பினைக்காக என்று ஒரு படத்தைக் காட்டுவதை அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். சிரிக்கத்தான் போகிறோம், சிரிப்பு நல்லதாக இருந்தால் போதும்.

ஜூன் 16, இரவு 10.30

ஒரு வருடமாக மனதில் இருந்த இன்னொரு விஷயம். இடைவேளையில் எழுந்து வந்தது சரியா?

அன்றைக்கு அதுதான் சரி. பிள்ளை நடுங்கும்போது டிக்கெட் காசை நினைத்து உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் அதற்கு அப்புறம் நான் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. லாரி போய்விட்டது, நாய் தெருவில் நிற்கிறது, அத்தோடு படம் அவளுக்கு முடிந்துபோனது. குடும்பம் திரும்பி வந்ததா என்று நான் சொல்லவே இல்லை. பயப்படுகிறாளே, அந்தப் படத்தின் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் கட்டளை போட்டிருந்தேன். பெரியவன்கூட வாயைத் திறக்கவில்லை, பாவம்.

நேற்று அவளிடம் கேட்டேன், நாய்க்கு அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா என்று. தெரியாது என்றாள். அந்தக் குடும்பம் திரும்பி வந்தது, பார்க்கலாமா என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். "பகல்ல" என்றாள்.

இன்று பகலில் பார்த்தோம். கடைசிக் காட்சியை முதலில் போட்டேன். லாரி திரும்பி வருகிறது, நாய் அதன் மேல் பாய்கிறது, கழுதை வழக்கம்போல ஏதோ உளறுகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் முதலில் இருந்து. ரிமோட்டை அவள் கையிலேயே கொடுத்தேன். லாரி கிளம்புகிற இடம் வந்தது. நிறுத்தினாள். திரையில் நாய் பாதி ஓட்டத்தில் நிற்கிறது. அவள் எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டே போய், லாரியின் பின்பக்கத்தை விரலால் தொட்டாள்.

"இதுல உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியல," என்றாள். "தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவளே ஓட விட்டாள். நாய் பிடிக்கிறவன் வந்தபோது லேசாக என் பக்கம் சாய்ந்தாள், அவ்வளவுதான். கழுதைக்குச் சிரித்தாள்.

ஜூன் 21, காலை 10.00 – கேள்வி கேட்டவர்

நீங்கள் சொன்ன மாதிரி தியேட்டருக்குப் போகவில்லை. பையனிடம் வாத்து தன்னை நாய் என்று நினைத்துக்கொள்ளும் கதையை வாயால் சொன்னேன். மூன்று நாளாக வாசலில் உட்கார்ந்து குவாக் என்கிறான். படம் வந்தால் பார்ப்போம்.

ஜூன் 21, மதியம் 2.40

குவாக் கேட்டுச் சின்னவளுக்கு ஒரே சந்தோஷம், அவளும் தொடங்கிவிட்டாள். செருப்பு இன்னும் தலையணைப் பக்கத்தில்தான் இருக்கிறது, அவள் அப்பாவுடையதும். எடுக்கச் சொல்லப் போவதில்லை.